வெளிநாட்டில் நேவிகேஷன்: கிளம்பும் முன் செய்ய வேண்டியதும் ரோட்டில் கவனிக்க வேண்டியதும்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்களின் முதல் கவலை, நடுவழியில் நெட் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான். அதற்கு எளிய வழி இருக்கிறது. உண்மையில் காலை வாருவது, போகும் இடத்தைத் தப்பாகக் கொடுப்பது. 2009இல் ஒரு ஸ்வீடன் தம்பதி இத்தாலியின் காப்ரி தீவுக்குக் கிளம்பினார்கள். எழுத்து இடம் மாறியதால் கருவியில் கார்பி என்று பதிவாகிவிட்டது. சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி, கடலே இல்லாத ஒரு தொழில் நகரத்தில் போய் இறங்கி, அங்கிருந்த சுற்றுலா அலுவலகத்தில், காப்ரியில் பார்க்க வேண்டிய நீலக் குகைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். 2016இல் ஐஸ்லாந்து விமான நிலையத்திலிருந்து ரெய்க்யாவிக் ஹோட்டலுக்குக் கிளம்பிய அமெரிக்கர் ஒருவருக்கும் இதே கதைதான். தெருப் பெயரில் ஒரே ஒரு 'ஆர்' கூடிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் பல மணி நேரம் நீண்டு, நாட்டின் வடகோடியில் ஒரு மீனவ ஊரில் முடிந்தது.

இரண்டிலும் கருவியைக் குறை சொல்ல முடியாது. சொன்ன இடத்துக்குத்தான் கொண்டுபோனது. அதனால் இங்கே மேப் டவுன்லோடைவிட முகவரிக்குத்தான் அதிக இடம். ஊரில் இருக்கும்போதே, வீட்டு வைஃபையில், பாதி வேலையை முடித்துவிடலாம்.

மேப்பை இறக்கிக்கொள்வது

கூகுள் மேப்ஸில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய், 'செலக்ட் யுவர் ஓன் மேப்' கொடுத்தால் நீலக் கட்டம் ஒன்று வரும். தேவையான பகுதி கட்டத்துக்குள் வரும்படி நகர்த்திப் பெரிதாக்கி டவுன்லோட் கொடுக்க வேண்டும். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கட்டத்தின் கீழேயே காட்டும். ஒரே கட்டத்தில் நாடு முழுவதையும் அடக்கப் பார்க்காமல், விமான நிலையத்திலிருந்து கடைசி ஊர் வரை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் இரண்டு மூன்று கட்டங்களாக எடுப்பது நல்லது. எல்லையைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குள் போகிற பயணம் என்றால் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். பாதை எல்லையில் அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு. முடிய 15 நாள் இருக்கும்போது வைஃபை கிடைத்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும். வைஃபை கிடைக்காவிட்டால் மேப் காலாவதியாகிவிடும். மாதக்கணக்கில் முன்பே இறக்கியவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் தேதியைப் பார்த்துக்கொள்ளவும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கூகுளின் ஆஃப்லைன் மேப் கார் ஓட்ட மட்டுமே வழி சொல்லும். நடக்கவோ சைக்கிளுக்கோ பஸ், ரயிலுக்கோ சொல்லாது. ஓட்டும்போதும் டிராஃபிக் நிலவரம், மாற்று வழி, எந்த லேனில் நிற்க வேண்டும் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்காது. பழைய நகரத்துச் சந்துகளில் நடக்க வேண்டியவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து முழுக்க நெட் இல்லாமல் இயங்குபவை. மலையேற்றப் பாதைகள்கூட இருக்கும். ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் ஆப்பிள் மேப்ஸிலும் ஆஃப்லைன் வசதி இருக்கிறது. அதில் நடைபாதையும் கிடைக்கும்.

இறக்கி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, ஹோட்டல் பெயரைத் தேடி, விமான நிலையத்திலிருந்து வழி கேளுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் கட்டம் அந்த ஊரைத் தொடவில்லை என்று அர்த்தம். ஆஃப்லைனில் எழுத்துப் பிழையைத் திருத்திக் காட்டும் வசதி அவ்வளவாக இருக்காது என்பதால், போக வேண்டிய எல்லா இடங்களையும் முன்பே தேடி 'சேவ்' செய்து வைத்துவிடுவதே நல்லது. ரோட்டோரத்தில் நின்று பெயரை அடிக்கும் வேலை மிச்சம்.

தனியாக கார்மின், டாம்டாம் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். 'வாழ்நாள் மேப்' என்று விற்பது நீங்கள் வாங்கிய பகுதிக்கு மட்டும்தான். ஆசியாவில் வாங்கியதில் ஐரோப்பா இருக்காது. அப்டேட்டுக்கு மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதையும் வீட்டிலேயே முடியுங்கள். இன்னொன்று, பல கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு நாட்டுக்குள் மட்டுமே தேடும். ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பிறகும் தேடல் ஜெர்மனியிலேயே நின்றால், எவ்வளவு சரியாக அடித்தாலும் 'ஊர் கிடைக்கவில்லை' என்றுதான் சொல்லும். முகவரிப் பக்கத்தில் முதல் கட்டத்தில் உள்ள நாட்டை மாற்றினால் தீர்ந்தது.

முகவரி: ஊர்ப் பெயரை நம்பாமல் எண்ணை நம்பவும்

ஒரே பெயரில் ஊர்கள் எங்கும் உண்டு. விமானங்கள் இறங்கும் ஃபிராங்க்ஃபர்ட் மைன் நதிக்கரையில் இருக்கிறது; இன்னொரு ஃபிராங்க்ஃபர்ட் போலந்து எல்லையில், ஓடர் நதிக்கரையில். ஊர்ப் பெயரை மட்டும் அடித்தால் எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் பல நாடுகளில் முகவரிக்கு என்றே தப்பாத எண் ஒன்று இருக்கிறது. ஹோட்டல் ரசீதில் அதைத் தேடி எடுங்கள்.

சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கட்டடத்துக்கு ஒன்று. அதை மட்டும் அடித்தால் போதும், பிளாக் எண்ணும் தெருப் பெயரும் வேண்டாம். அயர்லாந்தில் 2015இல் வந்த ஏழு எழுத்து ஐர்கோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. ஒரே பெயரில் பத்து வீடு இருக்கும் கிராமத்திலும் சரியான கதவில் நிறுத்தும். நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டோடு வீட்டு எண்ணும் சேர்ந்தால் முகவரி முழுமை. துபாயில் கட்டட வாசலில் ஒட்டியிருக்கும் பத்து இலக்க மக்கானி எண் அந்தக் குறிப்பிட்ட வாசலையே காட்டும். பெரிய டவர்களில் எந்தப் பக்கம் நுழைவது என்ற குழப்பம் இதனால் போகும். கத்தாரில் வீட்டுச் சுவரிலுள்ள நீலப் பலகையில் மண்டலம், தெரு, கட்டடம் என மூன்று எண்கள் இருக்கும். நண்பர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடலாம்.

பிரிட்டனின் அஞ்சல் குறியீட்டை நகரத்துக்குள் நம்பலாம். பொதுவாக ஒரு தெருவின் ஒரு பகுதி, பதினைந்து வீடுகள் அளவுக்குள் வந்து நிற்கும். கிராமப்புறத்தில் அதே குறியீடு சில கிலோமீட்டர் பரப்புக்கு நீளும். ஸ்காட்லாந்து மலைப் பக்கத்தில் பண்ணை வீடு எடுத்தவர்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது. அந்த எண்ணில்தான் இன்னொரு பொறி இருக்கிறது. 13°05′ என்பதை 13.05 என்று அடிக்கக் கூடாது. ஒரு பாகைக்கு (டிகிரி) 60 கலை (நிமிடம்) என்பதால் அது 13.083. சென்னை சென்ட்ரலின் அட்சரேகையை இப்படித் தப்பாக அடித்தால் சுமார் 3.7 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். ஐரோப்பாவில் பலர் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்; அதை அப்படியே ஒட்டினால் மேப் குழம்பும். கமாவைப் புள்ளியாக்கி, இரண்டு எண்களுக்கும் நடுவில் மட்டும் கமா வையுங்கள். முதலில் வருவது அட்சரேகை. கூகுளில் எந்த இடத்தையும் நீண்ட நேரம் அழுத்தினால் இந்த எண்களோடு, அந்த இடத்துக்கான சுருக்கக் குறியீடான பிளஸ் கோடும் கிடைக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி வட்டாரம், தொகுதி, கட்டட எண் என்று போகும். ஆனால் வாடகைக் காரில் இருக்கும் கருவி தொலைபேசி எண்ணை ஏற்றுக்கொள்ளும். ஹோட்டலின் எண்ணை அடித்தால் ஹோட்டல் வந்துவிடும். தொலைபேசி இல்லாத கடற்கரை, காட்சி முனை போன்ற இடங்களுக்கு மேப்கோடு என்ற எண் உண்டு. ஒகினாவா, ஹொக்காய்டோ சுற்றுலாக் கையேடுகளில் இடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கும். கருவியில் ஆங்கிலத்துக்கு மாற்றுவது எப்படி என்று கார் கொடுப்பவரிடமே கேட்டு, கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். வண்டி ஓடும்போது பல கருவிகள் எழுத விடாது.

முகவரி சரியாக இருந்தும் தப்பு நடக்கும் இன்னொரு வகை, பார்க்க வேண்டிய இடத்தையே இலக்காகக் கொடுப்பது. ஏரியின் பெயரைக் கொடுத்தால் மேப்பின் குறி ஏரி நடுவே விழும். கோட்டையின் பெயரைக் கொடுத்தால் மலையின் பின்பக்கம் கேட் போட்டு மூடிய காட்டுப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தலாம். கார் நிறுத்துமிடத்தைத்தான் கொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் கார் போகவே முடியாது. கொடுக்க வேண்டியது பக்கத்திலுள்ள டேஷ் (Täsch) என்ற ஊரின் பார்க்கிங், அங்கிருந்து ரயில். வெனிஸுக்கு பியாட்சாலே ரோமா அல்லது டிரோன்கெட்டோ. ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு, கீழே உள்ள ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்துப் பார்க்கிங்.

இத்தனையும் செய்து 'ஸ்டார்ட்' தொடுவதற்கு முன் பத்து நொடி: மொத்த தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, மேப்பைச் சுருக்கிப் பார்த்தால் கோடு எந்தத் திசையில் முடிகிறது. காப்ரிக்குப் போன தம்பதி மூன்றாவதை மட்டும் பார்த்திருந்தாலே போதும். தீவுக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு பாலமும் வரவில்லை, படகும் வரவில்லை.

சிம், டேட்டா, நீலப் புள்ளி

ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போன் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக சிக்னல் வாங்குகிறது. ஃப்ளைட் மோடிலும், நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகரும். நெட் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை போன் நெட்டிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதை ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றுக்கு அரை நிமிடமாவது ஆகும். அணைத்த போனோடு நீண்ட தூரம் பறந்து வந்து இறங்கியவர்களுக்குப் புள்ளி சில நிமிடம் பழைய இடத்திலேயே நிற்பது இதனால்தான். வாடகைக் கார்கள் பெரும்பாலும் மாடிப் பார்க்கிங்கிலோ பேஸ்மென்டிலோ நிற்கும். அங்கே சிக்னலே வராது. வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் நிறுத்தி, புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம் சுருங்கும் வரை பொறுங்கள். வட்டம் பெரிதாக இருக்கும்வரை முதல் திருப்பத்தை அது சொல்வதை நம்ப வேண்டாம்.

டேட்டா இருந்தால் டிராஃபிக், சாலை மூடல், லேன் குறிப்பு எல்லாம் கிடைக்கும் என்பதால் ஒரு சின்ன இ-சிம் பிளான் போட்டுக்கொள்வது வீண் செலவு அல்ல. மேப்பை முன்பே இறக்கியிருந்தால் நேவிகேஷன் மணிக்குச் சில எம்பிதான் தின்னும். சேட்டலைட் படத்தை அணைத்து வையுங்கள். டேட்டாவைக் குடிப்பது அதுதான். இந்திய சிம்மை ஓடிபிக்காக வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இ-சிம்மை டேட்டாவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டேட்டா ஸ்விட்சிங்' என்ற விருப்பமும் அணைந்திருக்கட்டும். இல்லையென்றால் இ-சிம் சிக்னல் குறைந்ததும் போன் சத்தமில்லாமல் இந்திய சிம்முக்குத் தாவிவிடும்.

எல்லை ஊர்களில் போன் பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மலேசிய நெட்வொர்க் வருவது அங்கே இருப்பவர்களுக்குப் பழகிய விஷயம். ஐரோப்பிய ஒன்றிய சிம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சுவிட்சர்லாந்து: அது ஒன்றியத்தில் இல்லை, ஒன்றியத்துக்குள் செல்லும் ரோமிங் சலுகை தானாக அங்கே செல்லாது. பாசல், ஜெனீவா பக்கம் போகும்போது பிளானில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹோல்டரும் சார்ஜரும்

நேவிகேஷன் ஓடும் போனுக்குப் பசி அதிகம். வாடகைக் காரின் யுஎஸ்பி துளைகள் பலவற்றில் வருவது அரை ஆம்பியர்தான். முழு வெளிச்சத்தில் திரை எரியும்போது சார்ஜ் ஏறுவதற்குப் பதில் மெல்ல இறங்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கேபிள் இரண்டு: போன் மேப்பைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வசதியை வயரில் இணைக்கும் கார்களுக்கு டேட்டா கடத்தும் கேபிள்தான் வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் திரை வராது.

ஹோல்டரில் ஏசி துவாரத்தில் மாட்டும் வகையே மேல். வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிய போன் சூடேறி, முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் எச்சரிக்கை காட்டி மூடிக்கொள்ளும். வளைகுடாக் கோடையில் இது அரை மணி நேர வேலை. குளிர் நாட்டில் ஹீட்டர் போட்டால் அதே துவாரம் சூட்டைக் கக்கும் என்பதால் அந்த ஒன்றை மட்டும் மூடிவிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டுவதற்குச் சில இடங்களில் அளவே உண்டு. கலிஃபோர்னியாவில் டிரைவர் பக்கக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள், அல்லது மறுபக்கக் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள்தான் வைக்கலாம்.

அமைப்புகளில் மாற்ற வேண்டியவை

ஊரில் எப்போதோ 'டோல் தவிர்' என்று போட்டு வைத்தது அப்படியே இருக்கும். வெளிநாட்டில் அது மூன்று மணி நேரப் பயணத்தை ஆறு மணி நேரக் கிராமப் பயணமாக்கிவிடும். கிளம்பும் முன் ரூட் ஆப்ஷன்ஸைத் திறந்து டோல், நெடுஞ்சாலை, படகு மூன்றையும் பாருங்கள். நார்வே, கிரீஸ், ஸ்காட்லாந்து போன்ற கடலோர நாடுகளில் கூகுள் படகையும் வழியாகச் சேர்த்துவிடும். கோட்டில் சின்னப் படகுக் குறி மட்டும்தான் அடையாளம். கடைசிப் படகு போய்விட்டால் இரவு துறைமுகத்தில்தான். 'எரிபொருள் மிச்சமாகும் வழி' என்பதையும் அணைத்துவிடலாம். இரண்டு நிமிட வித்தியாசத்துக்காக அயர்லாந்தின் ஒற்றைவழிச் சந்துகளில், எதிரே டிராக்டர் வந்தால் பின்னாலேயே போக வேண்டிய இடங்களில், கொண்டுபோய்த் தள்ளும் வேலையை அதுதான் செய்யும்.

தூரத்தின் அலகையும் பார்க்கவும். பிரிட்டனில் பலகைகள் மைலில் பேசும். அயர்லாந்தின் டப்ளினிலிருந்து, பிரிட்டனைச் சேர்ந்த வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போகும்போது டன்டால்க் தாண்டியதும் எல்லை. செக்போஸ்ட் எதுவும் கிடையாது. ஆனால் வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறிவிடும். அங்கே 60 என்றால் கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். காரின் மீட்டர் எந்த அலகில் காட்டுகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

குரலை முழுதாக நம்புவதற்கில்லை. ஆங்கிலக் குரல் போலந்துத் தெருப் பெயரை வாசித்தால் போலந்துக்காரருக்கே புரியாது. சாலை எண், எக்சிட் எண், அடுத்த பெரிய ஊர் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் பலகை திசை சொல்வதைவிட ஊர்ப் பெயரைத்தான் சொல்லும், அதுவும் உள்ளூர் வழக்கில். மேப்பில் மியூனிக், பலகையில் மூன்ஷென். வியன்னாவுக்கு வீன், ஃப்ளாரன்ஸுக்கு ஃபிரென்ஸே. பெல்ஜியம் இன்னும் மோசம்: பிரான்ஸின் லீல் நகருக்குப் போகிறவர்கள் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 'ரெய்சல்' என்ற பலகையைத்தான் பார்ப்பார்கள். வழியிலுள்ள நான்கைந்து பெரிய ஊர்களின் உள்ளூர்ப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆஃப்லைனில் லேன் குறிப்பு இல்லாதபோது அந்தச் சீட்டுதான் துணை.

இடதுபுறம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ரவுண்டானாவில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். ஐரோப்பியக் கண்டத்தில் வலப்பக்கமாக நுழைந்து எதிர்க்கடிகாரச் சுற்றில் போக வேண்டும். 'மூன்றாவது எக்சிட்' என்றால் உங்கள் வலது கையிலிருந்து எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் இன்னொரு சுற்று சுற்றுங்கள், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். எக்சிட்டைத் தவறவிட்டாலும் அப்படியே. கருவி அடுத்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கடைசி நொடியில் லேன் மாற்றுவதுதான் விபத்து.

மேப் சொல்லாமல் விடும் கட்டணங்கள்

இத்தாலி நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் 'ஸோனா டிராஃபிகோ லிமிடாடோ' என்ற தடை உண்டு. அனுமதி இல்லாத கார்கள் குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே போகக் கூடாது. அடையாளம், சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக இருக்கும் பலகை. பக்கத்தில் மின்பலகையில் 'வார்கோ அட்டீவோ' என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது, நுழையக் கூடாது. நடுவில் 'நோன்' சேர்ந்திருந்தால் அப்போது தடை இல்லை. மேப் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஹோட்டல் உள்ளே இருந்தால் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்: கார் எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று. இல்லையென்றால் தடைக்கு வெளியே உள்ள பார்க்கிங்கை இலக்காக வையுங்கள். ஒரே நாளில் இரண்டு கேமராவைத் தாண்டினால் இரண்டு அபராதம் வரலாம். வாடகை நிறுவனம் உங்கள் விலாசத்தைக் கொடுத்ததற்கும் தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். சீட்டு வீடு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.

சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு டோல் பூத் கிடையாது, வின்யெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும்: 40 ஃபிராங்க், ஆண்டுக்கு ஒன்று, 2023 ஆகஸ்ட் முதல் நெட்டிலும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க், கூடவே வின்யெட் விலையும். சுவிட்சர்லாந்தில் எடுத்த காரில் அது இருக்கும், மிலானிலோ மியூனிக்கிலோ எடுத்த காரில் பெரும்பாலும் இருக்காது. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, செக் நாட்டிலும் இதே ஏற்பாடு. டப்ளினின் எம்50 சாலையில் பூத்தே இல்லை, கேமராதான். அடுத்த நாள் இரவு 8 மணிக்குள் கட்டிவிட வேண்டும். லண்டனின் நெரிசல் கட்டணமும் இப்படித்தான்: தடுப்பும் இல்லை, ஆளும் இல்லை, நீங்களாகப் போய்க் கட்ட வேண்டும்.

சட்டம்

போனைக் கையில் பிடித்தால் பல நாடுகளில் அபராதம். பிரிட்டனில் 200 பவுண்டும், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளியும். சிக்னலில் நிற்கும்போது எடுத்தாலும் அதேதான். அமீரகத்தில் 800 திர்ஹம், 4 கரும்புள்ளி. பிரான்ஸில் 135 யூரோ, காதில் இயர்போன் வைத்து வழி கேட்டாலும் அதே தொகை. ஆகவே ஒலி கார் ஸ்பீக்கரில்தான்.

நம் ஆட்கள் அறியாமல் மாட்டுவது ஸ்பீட் கேமரா எச்சரிக்கையில். ஜெர்மனியில் ஓட்டுநர் அதைப் பயன்படுத்தக் கூடாது: 75 யூரோ, ஒரு புள்ளி. பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஓடினாலும் அதன் பலன் ஓட்டுநருக்குப் போனால் குற்றமே என்று கார்ல்ஸ்ரூஹ மேல் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்து இன்னும் கண்டிப்பு. பிரான்ஸில் 'ஆபத்துப் பகுதி' என்று பொதுவாகக் காட்டலாம், கேமரா இருக்கும் இடத்தைக் காட்டக் கூடாது. வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியில் எச்சரிக்கைகள் பகுதிக்குப் போய் எல்லைக்கு முன்பே அணைத்துவிடுங்கள். கருவியில் கேமரா பட்டியல் தனியாக ஏற்றியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

கூகுள் கைகொடுக்காத இடங்கள்

தென் கொரியா துல்லியமான மேப் தகவலை நாட்டுக்கு வெளியே விடுவதைப் பாதுகாப்புக் காரணத்தால் நீண்ட காலம் மறுத்துவந்தது. அதனால் கூகுளில் அங்கே ஓட்டவும் நடக்கவும் வழி சரியாக வராமல் இருந்தது. நேவர் மேப், காக்காவோமேப் இரண்டில் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது. தேடும்போது கொரிய எழுத்தில் பெயரை ஒட்டினால் முடிவு மேலும் சரியாக வரும்.

சீனாவில் கூகுள் தடை என்பது தெரிந்ததே. தெரியாதது, அங்குள்ள மேப்புகள் சட்டப்படி வேறு ஆயத்தொலைவு முறையில் இயங்குகின்றன என்பது. ஜிபிஎஸ் புள்ளி சரியாக இருந்தாலும் அதன் கீழே உள்ள தெரு சில நூறு மீட்டர் நகர்ந்திருக்கும்; ஆற்றின் நடுவே நிற்பது போல் காட்டும். ஆமேப் போன்ற உள்ளூர்ச் செயலியில் இந்த விலகல் இல்லை. ஐபோனின் ஆப்பிள் மேப்ஸும் சீனாவுக்குள் உள்ளூர்த் தகவலையே எடுப்பதால் சமாளிக்கலாம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைச் சீனா ஏற்பதில்லை என்பதால் பெரும்பாலும் கார் பேச்சே எழாது; மெட்ரோவுக்கும் நடைக்கும்தான் மேப்.

சண்டை நடக்கும் வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும், கிழக்கு மத்தியதரைக் கடல் ஓரம், பால்டிக் பக்கம், பதற்றக் காலத்தில் வளைகுடாவிலும், ஜிபிஎஸ் சிக்னலையே குழப்பி விடுவார்கள். நீலப் புள்ளி திடீரென்று நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு விமான நிலையத்தில் போய் உட்காரும். போன் கெட்டுவிட்டது என்று ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். சற்று தூரம் தாண்டினால் தானே சரியாகும். நீளமான சுரங்கப் பாதையில் புள்ளி நிற்பது வேறு காரணம். நார்வேயின் லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், உள்ளே ஜிபிஎஸ் வராது, வேகத்தை வைத்துப் போன் ஊகிக்கும். சுரங்கத்துக்குள்ளேயே சாலை பிரியும் ஓஸ்லோ போன்ற நகரங்களில் நுழைவதற்கு முன்பே எக்சிட்டைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் அரவமற்ற பாதைகள்

உயிருக்கு உலை வைப்பது இதுதான். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் போலீஸ் பொது எச்சரிக்கை விட்டது: ஐபோனின் மேப் மில்டூரா என்ற ஊரை சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேசியப் பூங்காவின் நடுவே காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கிடையாது, வெயில் 46 டிகிரி வரை போகும் இடம். அந்தப் பிழை திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் 2024இல் குயின்ஸ்லாந்தில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் மேப் காட்டிய பழைய மண் பாதையில் போய்ச் சேற்றில் சிக்கி, சுமார் 60 கிலோமீட்டர் நடந்து ஊர் சேர்ந்தார்கள்.

மேப்புக்குத் தார்ச்சாலையும் மாட்டு வண்டிப் பாதையும் ஒரே கோடுதான். வழியை ஒரு முறை சேட்டலைட் படத்தில் வைத்துப் பார்த்தால் மண்ணா தாரா என்று தெரிந்துவிடும்; இதையும் முந்தைய இரவு வைஃபையில் செய்யலாம். ஐஸ்லாந்தில் எஃப் என்று தொடங்கும் எண் உள்ள மலைப் பாதைகளுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். சாதாரணக் காரில் போய் மாட்டினால் இன்சூரன்ஸும் கைவிடும். ஆல்ப்ஸின் உயர்ந்த கணவாய்கள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். ஆஃப்லைன் மேப்புக்கு இது தெரியாது, நேராக ஏற்றிவிடும். கணவாய் திறந்திருக்கிறதா என்று மலையடிவாரத்திலேயே பலகை வைத்திருப்பார்கள். தார் முடிந்து மண் தொடங்கினால், எதிரே யாரும் வராவிட்டால், நெட்டும் இல்லாவிட்டால், திரும்பி விடுங்கள். சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நகரக் கூடாது. தேடுபவர்களுக்கு மனிதனைவிடக் கார்தான் கண்ணில் படும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

ப்ளூடூத்திலோ கேபிளிலோ இணைத்த காரில் உங்கள் போனின் பெயர், தொடர்பு எண்கள், போன இடங்கள் எல்லாம் தங்கியிருக்கும். காரின் திரையில் இணைத்த சாதனங்கள் பட்டியலுக்குப் போய் உங்கள் போனை நீக்குங்கள். காரின் சொந்தக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் முந்தைய இலக்குகளையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். போனிலும் அந்தக் காரை 'ஃபர்கெட்' கொடுத்துவிடலாம். டோல், வின்யெட் ரசீதுகளை மட்டும் உடனே அழித்துவிட வேண்டாம். அபராதச் சீட்டு ஆறு மாதம் கழித்து வந்தாலும், கட்டியதற்கு ஆதாரம் கேட்டால் அதுதான் கையில் இருக்கும்.